நான் ஏற்றிய விளக்கு கணக்கில் வருமா?

“தாணு, இனிமே நீரு சட்டையைக் கழத்த வேண்டாம்வே!”

அண்ணாச்சி இதை மைக்கில் சொன்னார். எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலின் கூம்பு ஒலிபெருக்கி அதைத் திருவனந்தபுரத்து வலியசாலை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். கோயிலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில், என் வழக்கமான இடத்தில் நான் நின்றிருந்தேன். ஒரு கையில் என் மனைவி பகவதியின் குடை. இன்னொரு கையில் யாரோ ஒருவருடைய ஹெல்மெட். தோளில் மூன்று பெண்களின் கைப்பைகள். உள்ளே போகிறவர்கள் எதையாவது என்னிடம் மாட்டிவிட்டுப் போவது வழக்கம். சுவரில் இருக்கும் ஆணியிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை அல்லவா, அதுபோல.

அண்ணாச்சி என்றால் கோயில் கமிட்டிச் செயலாளர் ராமலிங்கம் அண்ணாச்சி. அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். புதிதாக வாங்கிய கம்பியில்லாத மைக்கைக் கீழே வைக்கவே மாட்டார் என்பது ஒன்றுதான் அவரிடம் குறை.

கேரளத்துக் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாகர்கோவில் பக்கத்து வாசகர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அண்மையில் சில கோயில்களில் அந்த வழக்கத்தை விடலாமா என்று பேச்சு எழுந்தது. எங்கள் கமிட்டியும் கூடியது. பெரிய சண்டையாம். கடைசியில் அண்ணாச்சி என்னைக் காட்டித்தான் ஜெயித்தாராம்.

“நம்ம தாணு, பாவம், நாணக்காரன். வருஷக்கணக்கா வாசல்ல நிக்கான். சாமிக்கும் அவனுக்கும் நடுவிலே ஒரு சட்டையாக்கும் இருக்கு. அது நியாயமா?”

எனக்காக ஒரு சட்டமே மாறியிருந்தது. நான் ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சட்டை செய்த உதவி

எனக்குக் கூச்சம் உண்டு என்பது உண்மை. என் கல்யாண ஆல்பத்தில் என் முகம் தெரியும் படம் ஒன்றே ஒன்றுதான். அதிலும் கண்ணை மூடியிருக்கிறேன். சாலைச் சந்தையில் காய்கறி மொத்தக் கடை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்தக் கடை ஆட்கள் எல்லோருமாக ஒரு தடவை கல்லாற்றுக்குச் சுற்றுலா போனோம். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் ஐஸ் மாதிரி ஓடியது. எல்லோரும் குதித்தார்கள். நான் முழுக்கைச் சட்டையோடு ஒரு பாறையில் உட்கார்ந்து அவர்களுடைய துணிகளுக்குக் காவல் இருந்தேன். திரும்பி வரும்போது வேனில் எனக்கு மட்டும்தான் வியர்த்தது.

ஆகவே தாணு சட்டையைக் கழற்ற மாட்டான் என்பதும் உண்மைதான். தெருவுக்குத் தெரியாதது ஒன்றுதான். சட்டையைக் கழற்றச் சொல்லாவிட்டாலும் தாணு உள்ளே போக மாட்டான்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது.

இதைச் சொன்னால் எல்லோரும் ஒரு கதையை எதிர்பார்க்கிறார்கள். சின்ன வயதில் ஏதாவது பெரிய துக்கமா, யாராவது ஏமாற்றினார்களா என்று. ஒன்றும் இல்லை. சிலருக்குக் கத்தரிக்காய் பிடிப்பதில்லை. கத்தரிக்காய் அவர்களுக்கு என்ன கெடுதல் செய்தது? சின்ன வயதில் அப்பா என்னைக் கோயில்களுக்கு அழைத்துப் போவார். தீபாராதனையின்போது எல்லோரும் கண்ணை மூடுவார்கள். நான் திறந்து வைத்திருப்பேன். அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவ்வளவு கூட்டத்தில் ஒருவர்கூட என்னைப் பார்க்காத நேரம் அது. கற்பூர வாசனையும் பிடிக்கும். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

இதில் என் பெயர் வேறு தாணுமாலயன். சிவன், விஷ்ணு, பிரம்மா மூன்று பேரும் அதில் இருக்கிறார்கள். மனைவி பெயர் பகவதி. எங்கள் ரேஷன் கார்டைப் பார்த்தால் ஒரு சின்னக் கோயில் என்று நினைப்பீர்கள்.

எங்கள் ஊரான நாகர்கோவில் பக்கம் முன்பு சில பேர் மேடை போட்டுக் கடவுள் இல்லை என்று பேசுவார்கள். கணீரென்ற குரல்கள். சோடா குடித்துவிட்டுத் திரும்பவும் பேசுவார்கள். நாத்திகனாக இருக்க அப்படி ஒரு தொண்டை வேண்டும் என்று நினைத்து நான் பேசாமல் இருந்துவிட்டேன். திருவனந்தபுரம் வந்த பிறகு, எங்கள் சந்தையில் சுமை தூக்கும் கம்யூனிஸ்ட் கட்சித் தோழர் ஒருவரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவராவது கைகொடுப்பார் என்று நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“அதெல்லாம் மீட்டிங்கில பறயலாம் அண்ணா. வீட்டில வேண்டா, கேட்டோ,” என்றார். அப்போது அவர் கழுத்தில் மலைக்குப் போவதற்கான மாலை இருந்தது.

பகவதியிடம் கல்யாணமான வாரமே சொல்லிவிட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே பதில் சொன்னாள்.

“செரி. வெளியே சொல்லிராதீங்க. உங்க பங்கையும் சேத்து நானே கும்பிட்டுக்கிடுதேன்.”

அன்று முதல் கோயிலில் அவள் இரண்டு தடவை விழுந்து கும்பிடுவாள். முதலாவது அவளுடையது. இரண்டாவது, கொஞ்சம் அவசரமாக, என்னுடையது.

மைக்

அண்ணாச்சி மைக்கோடு என்னை நோக்கி வந்தார். பின்னால் கமிட்டி.

“வாரும். சட்டையோட வாரும்.”

“இருக்கட்டும் அண்ணாச்சி.”

“என்ன இருக்கட்டும்? கமிட்டி தீர்மானமாக்கும்.”

“நான் இங்கயே நிக்கேன்.”

“கூட்டம் ஆகாதோ?”

“அப்படி இல்லே.”

“சாம்பிராணிப் புகை ஒத்துக்காதோ? நம்ம மருமகனுக்கும் அப்படித்தான். உடனே மூச்சு முட்டும்.”

“இல்லே அண்ணாச்சி.”

நினைத்துப் பார்த்தால் அந்த மனிதர் எனக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்துகொடுத்தார். ஒரு ‘ஆமா’ சொல்லியிருந்தால் சாம்பிராணி என்னைக் கடைசி வரைக்கும் காப்பாற்றியிருக்கும். ஆனால் கூச்சக்காரர்களுக்குப் பொய் சொல்வது கஷ்டம். ஒரு பொய் சொன்னால் அதைத் தொடர்ந்து பேச வேண்டி வரும்.

“அப்போ என்னதாம்வே பிரஸ்னம்?”

“எனக்கு… சாமி இருக்குன்னு தோணல்லே அண்ணாச்சி.”

“கேக்கல்லே.”

அவர் உதவும் குணம் உள்ளவர். கையில் இருந்ததை என் வாய்க்கு அருகே கொண்டுவந்தார்.

“சாமி இருக்குன்னு எனக்குத் தோணல்லே.”

என் குரலை நான் ஒலிபெருக்கியில் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவ்வளவு மோசமில்லை. கொஞ்சம் மூக்கடைப்பு இருந்தது.

உள்ளே பஜனை நின்றது. ஹெல்மெட்டின் சொந்தக்காரர் வந்து ஹெல்மெட்டை வாங்கி, அதன் உள்ளே எட்டிப் பார்த்தார். கைப்பைக்காரப் பெண்கள் மூன்று பேரும் பைகளை வாங்கி, ஒரே நேரத்தில் ஜிப்பைத் திறந்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த ஜிப்புகள் என் முன்னால் திறந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாகப் பகவதி வந்தாள். குடையை என் கையிலிருந்து எடுத்தாள்.

“நடங்க,” என்றாள்.

டீச்சர் வீடு

இனி நாங்கள் குடியிருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது சரோஜா டீச்சரின் வீடு. டீச்சர் பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்தியவர். நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குத் துணையாகப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். போகும்போது முன்வீட்டைப் பூட்டிச் சாவியை எங்களிடம் தந்தார். பின்கட்டில் இரண்டு அறை எங்களுக்கு. வாடகை கிடையாது. வீட்டைப் பெருக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் சந்தியா நேரத்தில் முன்வீட்டுப் பூஜை அறையில், முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்ற வேண்டும்.

பகவதிக்குத் துணிக்கடையில் வேலை. வீட்டுக்கு வர எட்டு மணி ஆகும். எனக்குச் சந்தை வேலை விடியற்காலையில் தொடங்கி மத்தியானத்தில் முடிந்துவிடும். அதனால் விளக்கு என் பொறுப்பானது.

கை கால் கழுவி, திரியைத் திரித்து, நல்லெண்ணெய் ஊற்றி, நேரம் தவறாமல் ஏற்றுவேன். கீரைக்கட்டுக்கு மேல் தண்ணீர் தெளிக்கிற மாதிரிதான் அதையும் செய்தேன். நேரத்துக்குச் செய்யாவிட்டால் கெட்டுப்போகும். உனக்கு நம்பிக்கை உண்டா என்று டீச்சர் கேட்கவில்லை. பால்காரரிடம் நீ பால் குடிப்பாயா என்று யாராவது கேட்கிறோமா?

மைக்கில் நான் பேசியதற்கு மறுநாள் அண்ணாச்சி வந்தார். தோளில் துண்டு. முகம் துக்க வீட்டுக்கு வந்தது மாதிரி.

“தாணு, உம்ம மேலே எனக்குக் கோபமில்லே. ஆனா டீச்சர்கிட்டச் சொல்லாம இருக்க முடியாது. விளக்குக் காரியமாக்கும். இத்தனை வருஷமா ஒரு நாஸ்திகன் கையாலே… முருகா!”

சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் வருகிறேன், அதுவரை தாணு விளக்கைத் தொட வேண்டாம் என்று டீச்சரிடமிருந்து பதில் வந்தது.

அந்த வாரம் அண்ணாச்சியே வந்து விளக்கு ஏற்றினார். சுலோகம் கணீரென்று சொன்னார். ஆனால் திரியை நீளமாக இழுத்துவிட்டார். சுவரெல்லாம் கரி பிடித்தது. அவர் போன பிறகு நான் ஈரத்துணியால் துடைத்தேன். துடைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம்

எதிர்வீட்டுக் கோமதி அக்கா தன் வீட்டு மாற்றுச் சாவியை எங்களிடம்தான் தந்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை வந்து கேட்டாள்.

“ஒண்ணும் நினைக்கண்டாம் தாணு. பூட்டுக்கு எண்ணெய் போடணும். அதாக்கும்.”

பூட்டு அவள் வீட்டில் இருந்தது. அதற்கான இன்னொரு சாவியும் அவள் வீட்டில்தான் இருந்தது. நான் எதுவும் நினைக்காமல் கொடுத்துவிட்டேன்.

கடையில் முதலாளி என்னைத் தராசிலிருந்து எடுத்து வெங்காயம் பொறுக்கப் போட்டார்.

“உன்னை எனக்குத் தெரியும்டே. ஆனா தராசில நிக்கிறவனை மேலேயிருந்து ஒரு ஆள் பாத்துக்கிட்டு இருக்கணும்லா?”

“நீங்கதான் பாத்துக்கிட்டே இருக்கீங்களே முதலாளி.”

“நான் எந்நேரமும் பாக்க முடியுமா?”

வெங்காயம் பொறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கடைக்கு வந்த நாலு பேர் அதைப் பார்த்துவிட்டு, மனம் மாறுகிறான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

சதுர்த்தி அன்று கோயில் வாசலில் சுண்டல் கொடுக்கும் பெரியவர் கரண்டியைத் தொன்னைக்கு மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டார்.

“உமக்கு இது பிரசாதமா, சுண்டலா? உள்ளதைச் சொல்லும்.”

“சுண்டல்தான்,” என்றேன். கரண்டி திரும்பிப் போய்விட்டது. தேங்காய்த் துருவல் அன்றைக்கு நிறையப் போட்டிருந்தார்கள்.

இதெல்லாம் போகட்டும். வீடு போய்விடுமோ என்பதுதான் எங்கள் பயம். நகரத்தில் இப்போது இரண்டு அறைக்குக் கேட்கும் வாடகை எங்கள் இரண்டு பேருடைய சம்பளத்துக்கு எட்டாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊரில் வீடும் இல்லை. இந்தப் பின்கட்டில் பகவதி ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்து, அது கூரைக்கு மேல் வளர்ந்துவிட்டது.

இருந்தாலும் பார்த்து வைப்போம் என்று கரமனையில் ஒரு மாடிவீட்டைப் பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் என்ன வேலை, எந்த ஊர், மீன் சமைப்பீர்களா என்று எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பகவதி நல்ல பதிலாகச் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். கிளம்பும்போது “செரி அண்ணே, வாரோம்” என்று ஒரே ஒரு வார்த்தை பேசினேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“நிங்கள்… அந்த மைக்கில பேசின ஆளோ?”

பஸ்ஸில் வரும்போது பகவதி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கிள்ளிப்பாலம் வந்தபோதுதான் பேசினாள்.

“ரெண்டு பங்கும் நானே கும்பிட்டுக்கிட்டு வந்தேனே. ஒரு சாம்பிராணின்னு சொல்லப்படாதா உங்களுக்கு?”

அவள் குரல் உடைந்திருந்தது.

விசாரணை

ஞாயிற்றுக்கிழமை பூஜை அறையில் கூடினோம். நானும் பகவதியும் அண்ணாச்சியும். போனை அண்ணாச்சி பிடித்திருந்தார். டீச்சர் ஸ்வெட்டரும் காதை மூடும் தொப்பியுமாகத் திரையில் வந்தார். அங்கே காலை நேரம்.

“தாணு, நீ விளக்கு ஏத்தினியா இல்லியா?”

“ஏத்தினேன் டீச்சர்.”

“என்னைக்காவது முடங்கிச்சா?”

“இல்லே டீச்சர்.”

“காய்ச்சல்னு கிடந்தியே, அப்போ?”

“காய்ச்சலோட ஏத்தினேன்.”

“கும்பிட்டியா?”

பகவதியின் கால் என் கால்மேல் வந்து உட்கார்ந்தது.

“இல்லே டீச்சர்.”

“பின்னே விளக்கு முன்னால நின்னு என்னதான் பண்ணினே?”

“திரி நேரா நிக்குதா, சுவர்ல கரி பிடிக்குதான்னு பாத்தேன்.”

“கேட்டேளா டீச்சர்!” என்றார் அண்ணாச்சி. “இதாக்கும் நான் சொன்னது. நம்பிக்கை இல்லாம ஏத்தின விளக்கு கணக்கில வராது. ஒரு பரிகாரம் செஞ்சிட்டு, நல்ல குடும்பமாப் பாத்து வெச்சிருவோம். எனக்குத் தெரிஞ்ச ஆள் உண்டு.”

“கணக்கில வராதா?” என்று கேட்டார் டீச்சர். தொப்பியை மேலே தள்ளிக்கொண்டார். “அண்ணாச்சி, தாணு விளக்கேத்த ஆரம்பிச்ச பிறகாக்கும் என் மக உண்டானது. எத்தனை வருஷம் ஏங்கினா! மருமகனுக்குக் கிரீன் கார்டு வந்தது. எனக்கு முட்டில ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஒவ்வொண்ணுக்கும் நான் ‘முருகா, என் வீட்டு விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கு, பாத்துக்கோ’ன்னுதான் இங்கேயிருந்து சொன்னேன். அப்போ அதெல்லாம் என்னது?”

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அது… முருகனோட கருணை.”

பகவதி ஒரு அடி முன்னால் வந்தாள். “விளக்கு இல்லாமலே கருணை கிடைக்கும்னா விளக்கு எதுக்கு அண்ணாச்சி?”

“அப்படிச் சொல்லப்படாதும்மா. விளக்கு வேணும்.”

“இந்த விளக்குதானே இருந்தது?”

“இது கணக்கில வராது.”

“அப்போ டீச்சரோட பேத்தி கணக்கில வருவாளா, வரமாட்டாளா?”

அந்த நேரம் பார்த்து டீச்சருக்குப் பின்னால் அந்தக் குழந்தை வாயில் ஸ்பூனோடு நடந்து போனது. கையெழுத்து இல்லாத ஃபைலைப் பார்ப்பது மாதிரி அண்ணாச்சி அதைப் பார்த்தார். சேர்க்கவும் முடியவில்லை, திருப்பி அனுப்பவும் முடியவில்லை.

“தாணு, நீ சொல்லு,” என்றார் டீச்சர். “நீ ஏத்தின விளக்குக்கும் என் பேத்திக்கும் சம்பந்தம் உண்டா, இல்லியா?”

‘உண்டு’ என்று சொன்னால் வீடு தங்கும். அது எனக்குத் தெரிந்தது. பகவதிக்கும் தெரிந்தது. அவள் உடம்பின் முழு பாரமும் என் கட்டைவிரலில் இருந்தது.

“இல்லே டீச்சர்.”

பகவதி காலை எடுத்துவிட்டாள். மிதித்ததைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

“சம்பந்தம் உண்டுன்னு எனக்குத் தோணல்லே டீச்சர். ஆனா நீங்க அங்க இருந்து ‘இப்போ எரியும்’னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க. நினைக்கிற நேரத்துக்கு இங்க எரியணும்லா? அதனாலதான் நேரம் தப்பாம ஏத்தினேன்.”

என் ஆயுளில் நான் மூச்சு விடாமல் பேசிய மிக நீளமான பேச்சு அது. முடித்ததும் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன் உறைந்துவிட்டதோ என்று அண்ணாச்சி அதைத் தட்டிப் பார்த்தார்.

“தட்டாதீங்க, இங்கதான் இருக்கேன்,” என்றார் டீச்சர். “என் கிளாஸ்ல சில பிள்ளைக உண்டு. விடை சரியா இருக்கும். வழி ஒண்ணும் எழுதியிருக்காது. முழு மார்க் போட முடியாது. பூஜ்யமும் போட முடியாது. பாதி போடுவேன்.”

“பாக்கிப் பாதி?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“பாக்கி என்னோடது. நாளையிலேர்ந்து தாணு விளக்கு ஏத்தட்டும். ஏத்தின உடனே என்னை வீடியோவில கூப்பிடட்டும். போனை முருகனுக்கு நேராப் பிடிக்கட்டும். நான் இங்கேயிருந்து கும்பிட்டுக்கிடுதேன். கை அவனோடது, பக்தி என்னோடது.”

“சாஸ்திரத்தில அப்படி ஒரு வழக்கம்…”

“சட்டையோட வரலாம்னு சாஸ்திரத்தில இருந்துதா அண்ணாச்சி?”

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பகவதி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் சாப்பாட்டில் எனக்கு இரண்டு அப்பளம் வைத்தாள்.

திருந்திய மனிதன்

பூஜை அறை ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. மறுநாளிலிருந்து நான் விளக்கு ஏற்றி, போனை இரண்டு கையாலும் பிடித்து, ஆடாமல் இருக்க மூச்சை அடக்கி, தலையைக் குனிந்துகொண்டு முருகனுக்கு நேராக நிற்பதைத் தெரு பார்த்தது. தெருவிலிருந்து பார்த்தால் போன் தெரியாது. கூப்பிய கை மாதிரிதான் தெரியும்.

கோமதி அக்கா சாவியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். பூட்டுக்கு எண்ணெய் போட்டாயிற்றாம்.

“நான் மாறல்லே அக்கா,” என்றேன்.

“சாரமில்லே தாணு, பரவால்லே. பக்தி உள்ளவங்க வெளியே சொல்லிக்கிட மாட்டாங்க,” என்றாள்.

நான் எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவு பக்திமான் ஆனேன். முன்பு ஒரு தடவை சொன்னதைத் தெரு முழுக்க நம்பியது. இப்போது தினமும் சொல்கிறேன், ஒருவரும் நம்பவில்லை. சுண்டல்காரப் பெரியவர் கேள்வி கேட்காமலே தொன்னையை நிறைத்தார். அவரிடம் நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பசி நேரம்.

முதலாளி என்னை மறுபடியும் தராசில் நிறுத்தினார்.

“மேலே ஒரு ஆள் பாத்துக்கிட்டு இருக்காருன்னு இப்போ ஒத்துக்கிட்டே இல்லியா?”

“அது டீச்சர், முதலாளி. போன்ல.”

“ஆரா இருந்தா என்னடே? பாத்துக்கிட்டு இருக்காங்கல்லா!”

அந்த ஒரு சாயந்திரம்

போன குளிர்காலத்தில் ஒரு நாள். இங்கே குளிர் இல்லை. டீச்சருக்குத்தான் குளிர்காலம். விளக்கை ஏற்றிப் போனைப் போட்டு, வழக்கம்போல முருகனுக்கு நேராகப் பிடித்தேன்.

“படத்தைக் காட்டாதே தாணு,” என்றார் டீச்சர்.

“ஏன் டீச்சர்?”

“நான் அவரோட பேசுகதா இல்லே.”

மருமகனுக்கு வேலை போய்விட்டது. மகளும் மருமகனும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. வீட்டில் கதவு சாத்தும் சத்தம் மட்டும்தான் கேட்கிறதாம். “எல்லாம் சொன்னேன் அவர்கிட்ட. கேக்கல்லே. போகட்டும், இன்னைக்கு அவர் மூஞ்சியைப் பாக்க எனக்கு இஷ்டமில்லே. உன் மூஞ்சியைக் காட்டு.”

என் முகத்தை யாரும் இப்படிக் கேட்டதில்லை. எந்தப் பொத்தானை அமுக்கினால் நம் முகம் தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது.

“இது என்ன, உத்தரமா? சிலந்தி வலை இருக்கே… இது உன் காது. கீழே இறக்கு. ம்ம், இப்போ சரி.” கொஞ்ச நேரம் பார்த்தார். “மெலிஞ்சு போயிட்டியேப்பா.”

நான் போனை விளக்குக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய்ப் பாட்டிலில் சாய்த்து வைத்துத் தரையில் உட்கார்ந்தேன். டீச்சர் பேசினார். வாசல் வரைக்கும் பனி கிடக்கிறதாம். பேத்தி தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாளாம். தெருச் சாக்கடையை அள்ளினார்களா, சந்தையில் ஏத்தங்காய் என்ன விலை, பின்கட்டுக் கறிவேப்பிலை எவ்வளவு உயரம் என்று கேட்டார். நான் சொன்னேன். பேச்சு எனக்கு வந்துகொண்டே இருந்தது.

“ஒண்ணு கேக்கட்டா தாணு? கஷ்டம் வந்தா நீ ஆரைக் கூப்பிடுவே?”

“பகவதியைத்தான் டீச்சர்.”

டீச்சர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். பிறகு மருமகன் எழுந்துவந்து காப்பி கேட்டதும், அவர் காப்பி போட்டதும், போனை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்ததும் நினைவிருக்கிறது. கருகல் வாசனை வந்தபோது அது அங்கே பால் பொங்கியது என்றுதான் நினைத்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த பகவதி பூஜை அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். எண்ணெய் வற்றித் திரி கருகி எரியக் கூடாது, அதற்கு முன்பே விளக்கைக் குளிர வைத்துவிட வேண்டும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பெரிய விதி.

“அய்யோ, திரி கரிஞ்சு கிடக்கே! ரெண்டு பேருமா இருந்துக்கிட்டு என்ன பண்ணினீங்க?”

நான் எழுந்து நின்றேன். எண்ணெய்ப் பாட்டில் பக்கத்திலிருந்து டீச்சரின் குரல் மெதுவாக வந்தது.

“பகவதி… அண்ணாச்சிகிட்ட மட்டும் சொல்லிராதே, கேட்டியா?”